400 கஜத்தில் ப்ரெய்ரி நாய், 600 கஜத்தில் தாள்: ஒரே ரைஃபிள் என்றால் எந்தக் காலிபர்?

கேள்வி, 4 மே 2024

அண்ணா, கொலராடோவில் கிரீலி பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் நிலத்தில் ப்ரெய்ரி நாய் (வளை தோண்டி வாழும் அணில் இனப் பிராணி) சுட அனுமதி கொடுத்திருக்கிறார். தூரத்துத் தாள் குறியும் பழக ஆசை. ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும். கடையில் .22-250 காலிபர் (தோட்டா வகை) என்கிறார்கள். அலுவலக நண்பர் 6.5 க்ரீட்மூர் என்கிறார். எதை வாங்குவது?

4 மே 2024, இரவு

காலிபருக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் விசாவிலா, கிரீன் கார்டிலா? எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் குடியேற்றம் சம்பந்தப்பட்ட விஷயம், வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு கையில் வரும்வரை நண்பர்களின் ரைஃபிளைக்கூடத் தொடவில்லை. ப்ரெய்ரி நாய்க்கு இங்கே சிறு வேட்டை உரிமம் வேண்டும். 1949-லிருந்து இந்தப் பக்கம் பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருந்தால்தான் அது கிடைக்கும்.

சரி, காலிபர். கடைக்காரர் சொன்னது தப்பில்லை. நான் தொடங்கியதும் .22-250-ல்தான். 1915-ல் சாவேஜ் துப்பாக்கி நிறுவனம் கொண்டுவந்த .250-3000 தோட்டாவின் உறைக் கழுத்தை .22 அளவுக்குச் சுருக்கி, தனியார் பட்டறைகளில் பல ஆண்டுகள் பழகிய பிறகு, 1965-ல் ரெமிங்டன் அதைத் தன் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு வினாடிக்கு 3,680 அடி வேகத்தில் கிளம்பும். 300 கஜம்வரை ஸ்கோப்பை (ரைஃபிள் மேல் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை) தொடவே வேண்டாம், நேராக வைத்துச் சுடலாம். அந்தச் சுகத்தை மறுக்க மாட்டேன்.

நாளை எழுதுகிறேன்.

5 மே 2024

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். .22-250-க்குப் பரிந்து பேசியதுபோல இருக்கிறது. பழைய பாசம். கணக்குப் போட்டால் கதை வேறு.

தூரத்தில் நம்மைத் தோற்கடிப்பது குண்டு கீழே விழுவதல்ல. தூரம் அளக்கும் கருவி 400 கஜம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு விழும் என்பது அட்டவணையில் இருக்கிறது, ஸ்கோப்பின் குமிழைத் திருப்பினால் போதும். காற்றுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவில் பள்ளத்தில் இன்னொன்று, குறி இருக்கும் மேட்டில் வேறொன்று. ஆகவே காற்றை நாம் தப்பாகக் கணித்தாலும் எந்தக் குண்டு குறைவாக விலகும் என்பதுதான் கேள்வி.

காற்று குண்டைத் தள்ளுவது அது பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்தது என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காற்றே இல்லாத வெற்றிடத்தில் குண்டு எப்போது போய்ச் சேருமோ, அதைவிட நிஜத்தில் எவ்வளவு தாமதமாகிறதோ, அந்தத் தாமதம்தான் தள்ளலைத் தீர்மானிக்கிறது. ஓர் உதாரணம்: .223 என்ற இன்னொரு காலிபரில் 55 கிரெய்ன் வி-மேக்ஸ் (சின்னப் பிராணிக்கான குண்டு), 3,240 அடி வேகம். 400 கஜம் போக ஏறக்குறைய 0.49 வினாடி ஆகும். வெற்றிடத்தில் 0.37 போதும். தாமதம் 0.12. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று என்பது வினாடிக்கு 176 அங்குலம். பெருக்கிப் பாருங்கள், 20 அங்குலத்துக்குச் சற்று மேல். ப்ரெய்ரி நாயின் அகலம் நாலு அங்குலம் இருந்தால் அதிகம்.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டேன். .22-250-ல் அதே 55 கிரெய்ன் குண்டு, சுமார் 17 அங்குலம். .204 ரூகரில் 40 கிரெய்ன், 14 அல்லது 15. இப்போது பாருங்கள்: .223-லேயே 75 கிரெய்ன் ஈஎல்டி மேட்ச் குண்டை (போட்டிக்கான நீண்ட குண்டு) போட்டால், வேகம் 2,790 அடிதான், தள்ளல் 12, 13 அங்குலத்தில் நின்றுவிடுகிறது. வினாடிக்கு 900 அடி மெதுவாகக் கிளம்பியது, கடையில் சொன்ன .22-250-ஐக் காற்றில் ஜெயிக்கிறது. 6 மி.மீ. க்ரீட்மூரில் 108 கிரெய்ன் என்றால் 10 அங்குலத்துக்கும் கீழே.

இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேகத்துக்காகப் பதினொரு வருடம் குழலைச் சுட்டெரித்திருக்கிறேன்.

5 மே 2024, சற்று நேரம் கழித்து

திருத்தம். மேலே உள்ள எண்கள் கடல் மட்டத்துக் காற்றுக்கு. கிரீலி 4,700 அடிக்கு அருகில் இருக்கிறது. இங்கே காற்று மெலிவு, தள்ளல் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஆனால் எல்லாக் குண்டுக்கும் சேர்ந்தே குறையும் என்பதால் வரிசை மாறாது.

7 மே 2024

"அப்படியானால் .22-250-லும் 75 கிரெய்ன் போட வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கேதான் முடிச்சு. காலிபர் பெயரைவிட, குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதைத்தான் ட்விஸ்ட் என்கிறோம். பழைய வழக்கப்படி வரும் .22-250 குழல்களில் அது 14 அங்குலத்துக்கு ஒன்று, 1:14. குட்டையான லேசான குண்டுக்கு அது போதும். நீண்ட குண்டுக்குப் போதாது. வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோல் அது பறக்கும்போதே கவிழும்.

நான் பட்டது இது. ஒரு கடையில் 62 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டை எடுத்துக் கொடுத்து, எந்த .22-250-லும் ஓடும் என்றார்கள். நம்பி வாங்கினேன். 100 கஜத்தில் தாளுக்கு நடந்துபோய்ப் பார்த்தால் ஐந்து ஓட்டையில் ஒன்றுகூட வட்டமாக இல்லை. ஒன்று, குண்டு படுத்துக்கொண்டு போன அச்சு: முனை, இடுப்பு, அடி எல்லாம் தாளில் ஓரம் கிழியாமல் வெட்டியெடுத்ததுபோல. விரலை வைத்துப் பார்த்தேன், என் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம். மற்ற நான்கும் ஒரு சாண் தள்ளித் தள்ளிச் சாய்வாக. குழல் பழுதாகிவிட்டது என்று பயந்து ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். குழலில் ஒன்றும் இல்லை.

இந்தக் கூத்து எனக்கு மட்டும் நடந்ததல்ல. 1955-ல் வின்செஸ்டர் .243 கொண்டுவந்தது, ரெமிங்டன் .244 கொண்டுவந்தது. இரண்டும் 6 மி.மீ. குண்டுதான். வின்செஸ்டர் குழல் 1:10, 100 கிரெய்ன் குண்டைத் தாங்கும், ஒரே ரைஃபிளில் மானும் சுடலாம். ரெமிங்டன் இது சின்னப் பிராணிகளுக்குத்தானே என்று 1:12 வெட்டியது. சனம் .243 பக்கம் போய்விட்டது. 1963-ல் ட்விஸ்டை மாற்றி, பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தார்கள். போனது திரும்பவில்லை. உறையைப் பார்த்தால் .244 கொஞ்சம் பெரியது, நல்ல தோட்டா. தோற்றது சுருளில்.

இப்போது 1:8, 1:9 ட்விஸ்டிலும் .22-250 விற்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

11 மே 2024

முந்தைய குறிப்பில் நீண்ட குண்டு என்றதை "கனமான குண்டு" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருள் பார்ப்பது எடையை அல்ல, நீளத்தை. செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும். என் 62 கிரெய்ன் கவிழ்ந்தது அதனால்தான். ஈயக் குண்டாக இருந்திருந்தால் சமாளித்திருக்கக்கூடும்.

அதற்காக வேகமான ட்விஸ்ட் எல்லாவற்றுக்கும் நல்லது என்றும் இல்லை. மெல்லிய உறை போட்ட லேசான குண்டை 1:7 குழலில் 3,600 அடி வேகத்தில் விட்டால் அது நிமிடத்துக்கு மூன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சில குண்டுகள் குறியைத் தொடாமலே நடுவானில் சிதறும். சாம்பல் நிறப் புகைக்கோடு ஒன்று தெரியும், தாளில் எதுவும் இருக்காது. ஆகவே 1:8 எனக்குப் பிடித்த நடு வழி. 50 கிரெய்னும் ஓடும், 77, 80-ம் ஓடும்.

12 மே 2024

6.5 க்ரீட்மூர் பற்றிக் கேட்டீர்கள். 2007-ல் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் கொண்டுவந்தது, போட்டிக்காரர்களுக்காகவே வடிவமைத்தது. 600-லிருந்து 1,000 கஜம் தாள் சுட அதைவிடச் சுலபமான தோட்டா கடையில் எளிதில் கிடைக்காது. .308-ல் 168 கிரெய்ன் மேட்ச் குண்டு 1,000 கஜத்துக்கு முன்பே ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தள்ளாடத் தொடங்கும். 6.5-ல் 140 கிரெய்ன் அந்த எல்லையைத் தாண்டியும் நிலையாகப் போகும்.

ஆனால் ப்ரெய்ரி நாய் காலனிக்கு ஒரு நாள் போனால் 150, 200 தோட்டா செலவாகும். அதை 6.5-ல் செய்தால் தோளும் பணப்பையும் சேர்ந்து வலிக்கும். இன்னொரு காரணம் எனக்கு இவற்றைவிடப் பெரியது. .223-ல் உதைப்பு மிகக் குறைவு. விசையை அழுத்திய பிறகும் ஸ்கோப் குறியை விட்டு விலகாது. குண்டு எங்கே விழுந்தது, மண் எந்தப் பக்கம் தெறித்தது என்று நீங்களே பார்க்கிறீர்கள். காற்றைக் கற்றுக்கொள்வது அந்த ஒரு கணத்தில்தான். பெரிய காலிபரில் அந்தக் கணம் உதைப்பில் போய்விடும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அப்புறம் குழலின் ஆயுள். என் .22-250 குழல் 1,800 தோட்டாவில் குறி விரியத் தொடங்கியது. பட்டறைக்காரர் உள்ளே சின்னக் கேமராவை விட்டுக் காட்டினார். தோட்டா உட்காரும் இடத்துக்கு முன்னால் இரும்பு முழுக்க, கோடையில் வற்றிய கண்மாய் வெடித்துக் கிடப்பதுபோல் பாளம் பாளமாக. நிறைய வெடிமருந்து, சின்ன ஓட்டை, சூடு ஆறவிடாமல் அடுத்தடுத்துச் சுட்ட கை. .223 குழல் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தாங்கும். சூடாகவும் நேரம் பிடிக்கும். ஆகவே என் பதில்: .223, 1:8 ட்விஸ்ட்.

26 மே 2024

பானி தேசியப் புல்வெளிக்குப் பக்கத்தில் தெரிந்தவர் நிலத்தில் இன்று காற்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன், சுடவில்லை. குட்டிகள் வளையைவிட்டு வெளியே வந்து விளையாடும் காலம். இந்த மாதங்களில் நான் சுடுவதில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனசு வராது.

கானலைப் படிக்கப் பழகுங்கள். ராமநாதபுரம் பக்கம் மத்தியானத்தில் தார்ச்சாலைக்கு மேலே நெளியுமே, அதேதான். நிலைத்தொலைநோக்கியில் குறியைத் தெளிவாக வைத்து, பிறகு பார்வையைக் குறிக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தால் நெளிவு துலங்கும். நேராக மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை. சாய்ந்தால் மணிக்கு நாலைந்து மைல். படுத்து நீரோடைபோல் ஓடினால் பத்தை நெருங்கிவிட்டது. அதற்கு மேல் கானல் உதவாது, புல்லைத்தான் பார்க்க வேண்டும்.

வளை வாயில் கையை விடாதீர்கள். சாரைப்பாம்பு அல்ல, இங்கே கிலுகிலுப்பை விரியன் குடியிருக்கும். வளை மேட்டில் நிமிர்ந்து நிற்பதெல்லாம் ப்ரெய்ரி நாயும் அல்ல. வளை ஆந்தையும் அதே மேட்டில் அதே உயரத்தில் நிற்கும், அதைச் சுடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். கானல் நேரத்தில் 400 கஜத்தில் இரண்டும் ஒரே பழுப்புக் குச்சிதான். தலை திரும்பும்வரை காத்திருங்கள்.

9 ஜூன் 2024

75 கிரெய்ன் மேட்ச் குண்டைப் புகழ்ந்து எழுதியதில் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். அது தாளுக்கான குண்டு. வி-மேக்ஸ் மாதிரி சின்னப் பிராணிக்கான குண்டு மண்ணைத் தொட்டாலே தூளாகும். மேட்ச் குண்டு அப்படி இல்லை, வறண்ட தரையில் பட்டுத் தாவி விஸ்ஸென்று ஊளையிட்டுக்கொண்டு எங்கேயோ போகும். நிலம் தட்டை, ஒரு மைல் தள்ளி வேறொருவர் வீடு, மாடு. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் அதைச் சுடாதீர்கள். காலனியில் 50, 55 கிரெய்ன் உடையும் குண்டு, காற்று அடங்கிய காலையில், 300 கஜத்துக்குள். 75-ம் அதற்கு மேலும் தாளுக்கு. ஒரே ரைஃபிள், இரண்டு பெட்டி. இரண்டுக்கும் ஜீரோ (குறியும் குண்டும் ஒத்துப்போகும் ஸ்கோப் அமைப்பு) வேறு வேறு, நோட்டில் எழுதி வையுங்கள்.

காற்றைத் தாங்கும் நீளமும் உடையும் தன்மையும் சேர்ந்த குண்டுகளும் இப்போது வருகின்றன. முனைக்குப் பின்னால் உள்ளே குழிவாக விட்டு, எடையைக் குறைத்து நீளத்தை வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் வந்த .22 ஏஆர்சி தோட்டாவே நீண்ட குண்டை மனத்தில் வைத்துச் செய்ததுதான். ஆனால் முதல் ரைஃபிளுக்கு எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்க வேண்டும். அதில் .223-ஐ மிஞ்ச ஒன்றும் இல்லை.

13 ஜூலை 2024

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். பத்துக்குள் காற்று எழுந்தது, நிறுத்தினோம். பொருள்களை வண்டியில் ஏற்றும்போது செம்பழுப்பு முதுகோடு ஒரு பெரிய பருந்து இறங்கியது. ஃபெருஜினஸ் ஹாக் என்பார்கள், இந்தப் புல்வெளியின் பறவை. 200 கஜத்தில் நான் சுட்ட ஒன்றின் மேல் உட்கார்ந்து கிழித்துத் தின்றது. ஸ்கோப் அல்ல, பைனாகுலர் வழியாகப் பார்த்தேன். அலகைத் துடைத்துத் துடைத்துத் தின்றது. நான் போட்டது ஈயம் உள்ள குண்டு. மெல்லிய உறைக் குண்டு எப்படி உடையும் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன், அந்தத் தூள் முழுவதும் அந்தச் சதையில்தான் இருந்தது. ஈயத் துணுக்கு தின்ற கழுகும் பருந்தும் நரம்பு தளர்ந்து சாகும்.

நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். பறந்துபோயிற்று. ஆனால் கால்வாசி தின்றுவிட்டது.

மிச்சம் கிடந்த பதினாலையும் மண்வெட்டியால் புதைத்துவிட்டு வந்தோம்.

14 ஜூலை 2024

முடிவு எடுத்துவிட்டேன். காலனியில் இனி ஈயம் இல்லாத குண்டு மட்டும். செம்பும் தகரமும் கலந்த தூளை அழுத்திச் செய்த உள்ளீடு கொண்டவை கிடைக்கின்றன, அவையும் சிதறும். அதே எடைக்கு நீளம் கூடுதல், ஆகவே மே 11-ல் எழுதியது இங்கே திரும்ப வருகிறது: 1:14 குழலில் தேர்வு சுருங்கிவிடும், 1:8 இருந்தால் கவலை இல்லை. ட்விஸ்டைத் தேர்ந்தெடுக்க இப்படி ஒரு காரணம் வரும் என்று மே மாதத்தில் நான் யோசிக்கவில்லை.

பண்ணைக்காரருக்குப் புல் போகிறது, அவர் கஷ்டம் நிஜம். ஆனால் இந்தப் பிராணியை நம்பித்தான் கறுங்கால் ஃபெரெட் (கீரிபோல் நீண்ட உடலுள்ள சின்ன வேட்டைப் பிராணி) வாழ்கிறது. அந்த இனம் அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தபோது 1981-ல் வயோமிங்கில் மீட்டீட்சி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டது. தேடிப்போய்ப் பிடித்துக் காப்பாற்றியதில் 1987-ல் மிச்சம் 18. இன்று இருக்கும் அத்தனையும் அவற்றின் வழிவந்தவை. அவற்றை வளர்க்கும் மையம் வெலிங்டன் பக்கம், கிரீலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஒரு காலனியைத் துடைத்து எடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. வேலி ஓரம், வைக்கோல் நிலம், பண்ணைக்காரர் காட்டும் பகுதி, அத்தோடு சரி.

24 ஆகஸ்ட் 2024

நியூ மெக்சிகோவில் ரட்டோன் ஊர் விட்டிங்டன் துப்பாக்கிச் சுடும் மையத்துக்குப் போய்வந்தேன். 1,000 கஜம் தாள். எஃப்-கிளாஸ் (படுத்துக்கொண்டு ஸ்கோப் வைத்துத் தூரத்தில் சுடும் போட்டி) தாளில் பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குலம், அதற்குள் எக்ஸ் வட்டம் 5. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் 6, 6.5. நான் .223-ல் 80 கிரெய்ன். அந்தப் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவில் .223-ம் .308-ம் மட்டுமே செல்லும், ஆகவே அது விளையாட்டுக்கு வெளியே உள்ள காலிபர் அல்ல. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். காலையில் எட்டு, ஒன்பது புள்ளிகளுக்குள் இருந்தேன். மத்தியானக் காற்றில் ஆறுக்கு இறங்கினேன். 6 மி.மீ.க்காரர் அதே காற்றில் ஒன்பதை விடவில்லை. 1,000 கஜம்தான் முதல் ஆசை என்றால் மே மாதம் நான் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. 6.5 க்ரீட்மூர் வாங்குங்கள், உங்கள் அலுவலக நண்பர் சரி. 600 வரை என்றால் .223.

22 செப்டம்பர் 2024

கேள்வி கேட்ட தம்பி .223 வாங்கிவிட்டார். கனமான குழல், 1:8. நேற்று மைதானத்தில் கூட இருந்தேன். முதல் இருபது தோட்டா 100 கஜத்தில், அங்குலத்துக்குள். 400-க்கு நகர்ந்ததும் முதல் குண்டு இரும்புத் தகட்டுக்கு வலது பக்கம் ஓரடி தள்ளி மண்ணைக் கிளப்பியது. அவரே பார்த்தார். "அண்ணா, வலது, பன்னிரண்டு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. புல்லைப் பார்த்து, இடது பக்கம் பிடித்து, அடுத்ததில் டங் என்று சத்தம் வந்தது. நோட்டில் காற்று, நேரம், பிடித்த அளவு மூன்றையும் எழுதிவிட்டுத்தான் மூன்றாவது தோட்டாவை எடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை 600. என்னிடம் 80 கிரெய்ன் ஒரு பெட்டி இருக்கிறது, கொண்டுவருகிறேன். நீளம் அதிகம் என்பதால் மேகசினில் நுழையாது, ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். மேகசினைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.